இலையை வைக்கும் முன் வெறும் ஜாடியை அளந்து பாருங்கள்

கார்பன் டை ஆக்ஸைடு அளக்கும் சிறிய சென்சர் ஒன்றை மேட்டுப்பாளையத்தில், பவானிக் கரையில் திறந்தவெளியில் வைத்தால் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் காட்டும். அதே சென்சரை ஊட்டிக்குக் கொண்டுவந்து காற்றோட்டமான ஒரு மேட்டில் வைத்தால் 330-ஐ ஒட்டி நிற்கும். செய்முறை வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காரணம் கேட்பேன். "மலைக்காத்து சுத்தம், டீச்சர்" என்பதுதான் முதலில் வரும் பதில். பிள்ளைகளுக்குத் தங்கள் மலைமீது உள்ள பெருமை அது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

ஆனால் காற்றின் கலவை கீழேயும் மேலேயும் ஒன்றுதான். ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமீது, தொட்டபெட்டாவைவிட உயரமான ஓர் இடத்தில், 1958 முதல் கார்பன் டை ஆக்ஸைடை அளந்துவருகிறார்கள். தொடக்கத்தில் 315 பிபிஎம் அளவில் இருந்தது. 2024-ஆம் ஆண்டின் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அதாவது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 424. மேட்டுப்பாளையமானாலும் ஊட்டியானாலும் திறந்தவெளியில் அந்த விகிதம் பெரிதாக மாறாது. மாறுவது அழுத்தம். கடல்மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 780-ஐ ஒட்டி. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் மூலக்கூறுகளே இங்கே குறைவு. சென்சரோ விகிதத்தைப் பார்ப்பதில்லை. 4.26 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, வழியில் எத்தனை கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறுகள் அதை உறிஞ்சின என்று பார்க்கிறது. ஆள் குறைந்தால் எண்ணும் குறையும்.

நீலகிரியில் பல ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பிக்கிறேன். இலையின் ஒளிச்சேர்க்கையையும் சுவாசித்தலையும் அளக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இலை அல்ல, ஒரு காலி ஜாடி. அதற்குள் சென்சரும் ஒரு சின்ன விசிறியும். அரை மணி நேரம் அதை அளந்து வரைபடம் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். கோடு நேராக வராது. ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. கருவி அளப்பது காற்றுக்கு நேர்ந்த அத்தனையையும். இலை செய்தது அதில் ஒரு பங்கு மட்டுமே.

அழுத்தத்தின் கணக்கை இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மலையில் அதிகம் பிசகுவது இதில்தான். இரண்டு லிட்டர் ஜாடி என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில், 25 டிகிரியில், அதற்குள் 0.082 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) காற்று இருக்கும். ஊட்டியில் 17 டிகிரியில் 0.065 மோல்தான். 50 சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பு உள்ளே இருக்கிறது, நிமிடத்துக்கு 30 பிபிஎம் குறைகிறது என்றால், ஊட்டிக் கணக்கில் ஒளிச்சேர்க்கை வேகம் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 6.5 மைக்ரோமோல். பாடநூலில் பழகிய கடல்மட்ட எண்ணைப் போட்டால் 8.2 வரும். கால் பங்கு கூடுதல்! இந்த எண்ணைக் கோயம்புத்தூரில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, மலைச்செடி வேகமாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டால் அது செடிக்கும் நியாயமில்லை, படிப்பவருக்கும் நியாயமில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அழுத்தத்துக்குத் திருத்தாத சென்சர், உண்மையில் 30 பிபிஎம் குறையும்போது 23 குறைந்ததாகத்தான் காட்டும். அந்த 23-ஐயும் கடல்மட்ட மோல் எண்ணையும் சேர்த்துப் பெருக்கினால் விடை 6.3, கிட்டத்தட்ட சரியான இடத்தில் வந்து நிற்கும். ஒன்றில் குறைந்தது மற்றொன்றில் கூடி ஈடாகிவிடுகிறது. எதையும் திருத்தாதவரின் விடை தற்செயலாகச் சரியாகவும், அக்கறையோடு பாதி திருத்தியவரின் விடை தவறாகவும் வரும் விசித்திரம் இது. ஆகவே சென்சர், மோல் கணக்கு இரண்டையும் ஊட்டி அழுத்தத்துக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கைபேசியின் வானிலைச் செயலி ஊட்டிக்கு 1015 என்று காட்டும். அது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய எண். உங்களுக்குத் தேவை நிற்கும் இடத்தின் அழுத்தம். பல கைபேசிகளுக்குள்ளேயே அழுத்தமானி இருக்கிறது. இல்லையென்றால் மின்னணுக் கடையில் கிடைக்கும் சிறு அழுத்தச் சில்லு ஒன்று போதும்.

அடுத்தது நம் மூச்சு. வெளிவிடும் மூச்சில் 4 சதவீதம் அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது 40,000 பிபிஎம், வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. மூடியைத் திறந்து இலையை வைக்கும்போது குனிந்து பார்க்கிறோம் அல்லவா, அப்போது பத்து மில்லி மூச்சு உள்ளே போனாலும் இரண்டு லிட்டர் ஜாடியில் 200 பிபிஎம் ஏறிவிடும். இலை சுவாசித்து அந்த அளவை எட்டப் பல நிமிடங்கள் ஆகும். குளிருக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஊட்டி வகுப்பறையில், அறைக்காற்றே ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். நாங்கள் ஜாடியை வராந்தாவில் வைக்கிறோம், காற்று வரும் திசை பார்த்து எதிர்ப்பக்கம் நிற்கிறோம், மூடும் வரை மூச்சை அடக்குகிறோம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டுபோல் பிடித்துப்போகும்.

கசிவு அடுத்த காரணம். கசிவே இல்லாத ஜாடி கிடையாது. எவ்வளவு கசிகிறது என்று தெரிந்தால் போதும். காலி ஜாடிக்குள் வேண்டுமென்றே ஒரு மூச்சு ஊதி 1,400-க்கு ஏற்றி மூடுங்கள். வெளியே 400 என்றால் வித்தியாசம் 1,000. பத்து நிமிடத்தில் 1,300-க்கு இறங்கினால், வித்தியாசத்தில் நிமிடத்துக்கு ஒரு சதவீதம் கசிகிறது என்று பொருள். பிறகு ஒளிச்சேர்க்கை அளக்கும்போது உள்ளே 300-க்கு இறங்கியிருந்தால், நிமிடத்துக்கு ஒரு பிபிஎம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அதைக் கூட்டிக்கொள்ளலாம். இலைக்காம்பு நுழையும் துளையைச் சுற்றி வாசலின் தடவிய களிமண் நன்றாக அடைக்கும். குழாய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: மீன்தொட்டிக் கடையில் வாங்கும் மெத்தென்ற சிலிக்கோன் குழாய் காற்றுப்புகாதது போலத் தோன்றும், ஆனால் அதன் சுவர் வழியாகவே கார்பன் டை ஆக்ஸைடு ஊடுருவிப் போகும். பிவிசி குழாய் போடுங்கள்.

சென்சரின் தானியங்கித் திருத்தம் இன்னொரு கண்ணி. அறைகளின் காற்றோட்டத்தைப் பார்க்கச் செய்த பல மலிவுச் சென்சர்கள், சில நாட்களில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். அலுவலக அறைக்கு அது சரி. வெயிலில் செடியோடு மூடிய ஜாடியில் அளவு நூறுக்கும் கீழே போகும். அந்த நூறை 400 என்று சென்சர் நம்பிவிட்டால், அடுத்த வாரம் வெளிக்காற்றில் 700 காட்டும். வாங்கியதும் முதல் வேலையாக அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வெளிக்காற்றை வைத்து நீங்களே திருத்துங்கள், ஆனால் விடியற்காலையில் வேண்டாம். காற்று அசையாத இரவுகளில் மண்ணும் செடிகளும் விட்ட மூச்செல்லாம் பள்ளங்களில் தேங்கி நிற்கும். சோலையை ஒட்டிய பள்ளத்தில் அது நன்றாகவே தெரியும். மதியம், மேட்டுப்புல்வெளி, நல்ல காற்று, இதுதான் சரியான நேரமும் இடமும். சென்சரின் பூஜ்ஜியம் பார்க்க, கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு நிரப்பிய குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தினால் போதும். அது எலும்புபோல் காய்ந்துவிட்டால் சரியாக உறிஞ்சாது, சற்று ஈரம் வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் இலை. தேயிலையில் முதிர்ந்த இலை ஒன்றை வெயிலில் அளப்பது எளிது. நிமிடத்துக்கு முப்பது பிபிஎம் இறங்கும்போது சென்சரின் சிறு நடுக்கம் பொருட்டே இல்லை. அதே இலையைக் கறுப்புத் துணியால் மூடிச் சுவாசித்தலை அளக்கும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். மாற்றம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று பிபிஎம்தான். கசிவும் நடுக்கமும் அதே அளவு. ஜாடியைச் சிறியதாக்குங்கள், இலைகளைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டுங்கள். ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல் பத்துப் பதினைந்து நிமிடக் கோட்டின் சாய்வைப் பாருங்கள். வெளிச்சத்தை மறைத்தவுடன் வரும் முதல் நிமிடங்களை விட்டுவிடுங்கள். ஒளிச்சுவாசத்தின், அதாவது வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையோடு சேர்ந்து நடக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியீட்டின், மிச்சம் அப்போது வெளியே வந்துகொண்டிருக்கும். இருட்டில் இருபது நிமிடமாவது இலை இருந்தபின் எடுக்கும் எண்ணே நிலையானது.

சென்சர் வாங்க வசதியில்லாத பள்ளிகளில் இருந்து ஆசிரியர்கள் கேட்பது பழைய செய்முறைகளைப் பற்றி. அவற்றிலும் மலை தன் வேலையைக் காட்டும். ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் தண்டிலிருந்து வரும் குமிழிகளை எண்ணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் நீரில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு, குமிழி எளிதில் பிரிந்து வரும், பெரிதாகவும் இருக்கும். போதாக்குறைக்கு, விடியலில் பிடித்து வைத்த சில்லென்ற தண்ணீரை விளக்கின் அருகே வைத்தால், சூடேறும்போது கரைந்த காற்றே குமிழியாகக் கிளம்பும். பக்கத்திலேயே இன்னொரு பீக்கரில் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பாருங்கள், அதிலும் குமிழி ஒட்டும். நாங்கள் தண்ணீரை முன்நாளே பிடித்து அறை வெப்பத்துக்கு வர விடுகிறோம், ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கிறோம், குண்டு பல்புக்குப் பதில் எல்இடி விளக்கு வைக்கிறோம். குமிழிகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணி நேரத்தில் சேர்ந்த வாயுவின் கனஅளவு நம்பகமானது.

முளைவிதைகளின் சுவாசத்தை அடைபட்ட காற்றின் கனஅளவு மாற்றத்தால் அளக்கும் கனாங் சுவாசமானியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நூறு மில்லி அடைபட்ட காற்று ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் 0.34 மில்லி விரியும். ஊட்டியில் காலை எட்டு மணிக்கு 12 டிகிரியாக இருக்கும் ஆய்வகம் பதினொரு மணிக்கு 19-ஐத் தொடும் நாள்கள் உண்டு. அந்த ஏழு டிகிரியில் இரண்டு மில்லிக்கு மேல் விரிந்துவிடும். முளைவிதை எடுத்துக்கொண்ட ஆக்ஸிஜன் அதற்குள் மறைந்தே போகும். அழுத்தமும் சும்மா இருப்பதில்லை. வெப்பமண்டலத்தில் நாள்தோறும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணி வாக்கில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் தாழும். இதற்கு ஒரே மருந்து, விதைகளுக்குச் சமமான அளவு கண்ணாடி மணிகளைப் போட்ட இரண்டாவது கருவி. இரண்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள், மணிகள் காட்டும் மாற்றத்தை விதைகளின் மாற்றத்திலிருந்து கழியுங்கள். இரண்டாவது கருவி இல்லையென்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு குடுவையும் அளவுக்குழாயும் இருந்தால் அதைச் செய்துகொள்ளலாம்; அது இல்லாமல் எடுத்த சுவாச ஈவுக்கு (வெளிவிட்ட கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்ட ஆக்ஸிஜனால் வகுத்த எண்) மலையில் மதிப்பில்லை என்பது என் உறுதியான கருத்து.

விதையை ஊறவைக்கும் கணக்கும் சமவெளிக்கு எழுதப்பட்டது. ஒருநாள் ஊறவைத்தால் முளைக்கும் என்று கையேட்டில் இருக்கும். குளிரில் பச்சைப்பயறு அசையாது. பத்து டிகிரி குறைந்தால் சுவாசித்தலின் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பட்டாணி குளிரைத் தாங்கும், இங்கே விளைவதும் அதுதான். எங்கள் செய்முறைக்கு அதையே எடுக்கிறோம். கொழுப்பு விதைக்குச் சுவாச ஈவு 0.7 வருவதைக் காட்ட ஆமணக்கைத்தான் நாடவேண்டும், அதை வெதுவெதுப்பான இடத்தில் முன்கூட்டியே முளைக்கட்ட வேண்டியிருக்கும்.

பைகார்பனேட் நிறங்காட்டி எனக்கு மிகவும் பிடித்தது. வெளிக்காற்றோடு சமநிலையில் இருக்கும்போது சிவப்பு, கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் மஞ்சள், குறைந்தால் ஊதா. நான்கு சோதனைக்குழாய்கள்: ஒன்றில் இலையோடு வெளிச்சம், ஒன்றில் மெல்லிய துணி சுற்றிய அரைவெளிச்சம், ஒன்றில் அலுமினியத்தாள் சுற்றிய இருட்டு, நான்காவதில் இலையே இல்லை. அரைவெளிச்சக் குழாய் பல நேரம் சிவப்பாகவே நிற்கும். இலை எடுப்பதும் விடுவதும் சமமாகும் ஒளி ஈடுசெய் புள்ளியைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் தருணம் அது. நிறங்காட்டியை வகுப்பறைக் காற்றில் தயாரிக்காமல் வெளியே தயாரிக்க வேண்டும் என்பதை மேலே சொன்னதிலிருந்தே ஊகித்திருப்பீர்கள்.

வெளியில், செடியிலேயே அளக்கும்போது மூடுபனிதான் சவால். முழு வெயில் அடிக்கும் புதரை ஒரு நிமிடத்தில் பனி மூடி, ஒளி பத்தில் ஒன்றாகிவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒளியளவையும் இலை வெப்பத்தையும் எழுதாத குறிப்பேடு மாலையில் பயன்படாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஜாடியின் உட்சுவர் வியர்த்து சென்சரிலும் ஈரம் படியும். உள்ளே சிலிக்கா ஜெல் போட்டால் காற்று வறண்டு இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை தானே சரியும். உலர்த்தியை சென்சருக்குப் போகும் குழாயில் மட்டும் வையுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி உறைபனியாக மாறும் வாரங்களில் அளப்பதை நான் தவறவிடுவதில்லை. இரவில் பனி படாமல் மேலே போர்த்தும் மிலார் செடிகளால் மூடிவைத்த தேயிலைப் புதரையும் மூடாத புதரையும் காலை வெயிலில் அடுத்தடுத்து அளந்தோம். மூடிய புதரின் இலை வெயில் ஏற ஏறச் சீராகக் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்தது. மூடாத புதரின் இலை கண்ணுக்குப் பச்சையாகத்தான் இருந்தது, கருகல் எதுவும் இல்லை; ஆனால் நல்ல வெயிலிலும் நெடுநேரம் கோடு இறங்கவே இல்லை. குளிரில் நொதிகள் மந்தமாக இருக்கும்போது பட்டப்பகல் ஒளி வந்து விழுந்தால் ஒளியை வாங்கும் அமைப்பே பழுதாகிறது. இலை கருகுவதற்கு முன்பே இழப்பு தொடங்கிவிடுகிறது என்பதை அந்தக் கோடு காட்டியது.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி ஒருவர் நாங்கள் அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், பறிச்ச இலையும் மூச்சு விடுதுங்களா?"

"விடும், அண்ணா. காயிற வரைக்கும் விட்டுக்கிட்டேதான் இருக்கும்."

"அப்போ சாக்குல அமுக்கிக் கட்டினா வேகுதே, அது இதனாலதானுங்களா? ஃபேக்டரியில செவந்த இலைன்னு கழிச்சுடறாங்க."

அவர் கேள்வியை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று பறித்த கொழுந்தில் ஒரு பங்கைச் சாக்கில் அமுக்கிக் கட்டி நடுவில் வெப்பமானி செருகினார்கள், இன்னொரு பங்கை வலைப்பையில் தளர்வாக நிழலில் தொங்கவிட்டார்கள். மணிக்கொருமுறை இரண்டிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து எடைபோட்டு, கறுப்புத் துணி சுற்றிய ஜாடியில் சில நிமிடங்கள் மட்டும் அளந்தார்கள். துணி அவசியம், வெளிச்சம் பட்டால் பறித்த இலையும் ஒளிச்சேர்க்கை செய்யும். நேரத்தைச் சுருக்கியதற்குக் காரணம், இவ்வளவு இலை சீக்கிரமே சென்சரின் மேல் எல்லையைத் தொட்டுவிடும் என்பது. சாக்கு நடுவின் வெப்பம் ஏற ஏற, அங்கிருந்து எடுத்த இலையின் சுவாச வேகமும் ஏறியது. அந்தச் சுவாசம் மேலும் சூட்டைக் கிளப்பியது. கசங்கிய இலை கசங்காததைவிட வேகமாகச் சுவாசித்தது. வலைப்பை இலை கிட்டத்தட்ட நிழலின் வெப்பத்திலேயே நின்றது.

அவர் இப்போது சாக்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்புவதில்லை, அமுக்குவதில்லை, வண்டி வரும்வரை நிழலில் பிரித்துக் கொட்டி வைக்கிறார். மழையில் பறித்த ஈர இலைக்கு இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஆனால் இலைகள் ஒட்டிக்கொண்டு நடுவே காற்று போகாது. எது மிஞ்சும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். ஜாடிக்குள் ஈரத்துணியை மட்டும் வைத்து ஒரு கோடு எடுத்துவிட்டு, அடுத்த பருவமழையில் அவர் தோட்டத்து இலையோடு தொடங்கப்போகிறோம்.